செல்லபாய் நின்ற குன்று

சத்தியதாஸ் வார்த்த சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் ஈறு நிறம். பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற அக்ரிலிக்கில் ஆளை வார்த்தால் வேறு என்ன நிறம் வரும்? உடுப்புக்கும் தொப்பிக்கும் சாம்பல் கலந்த பச்சை பூசுவார். முகத்தையும் கையையும் மட்டும் வார்த்தபடியே விட்டுவிடுவார். ஓர் அங்குல உயரத்தில், கோட்டுப் பொத்தான்மேல் ஒட்டப்பட்டு, இப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தைகளைப் போல ரோஜா நிறத்தில் நிற்பார்கள். கேலி செய்தால் அவருக்குக் கோபம் வராது.

"நம்ம பூமியில உள்ள ஆளுவளா சாமி? அந்தக் கிரகத்துல எல்லாருக்கும் இதுதான் நிறம்னு வெச்சுக்கிடுங்க" என்பார்.

சாமி என்றது என்னை. கரமனை அக்கிரகாரத்துக்காரன் என்பதால் வெளியே எல்லோருக்கும் நான் சாமிதான். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என் அம்மாவும் ஆபீஸ் வருகைப் பதிவேடும் மட்டும்.

சத்தியதாஸ் பாறசாலைப் பக்கத்துச் சர்ச்சுக் குடும்பம். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடியில் பல் லேப். அதில் அவர் மெக்கானிக். டாக்டர்கள் வாய்க்கு அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் பல் வரிசை கட்டி, வார்த்து, தேய்த்துக் கொடுப்பார். 1995-இல் என் அம்மா வாலாம்பாளுக்குப் பல்செட் செய்தவர் அவர்தான். போட்ட அன்றைக்கே அம்மா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். கடிபட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் கேட்டு இல்லை என்ற பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடி அறையைக் கேட்டபோதும், "எனக்கு வாயைக் குடுத்தவர். அவருக்கு மாடியைக் குடுத்தா என்னடா?" என்று முடித்துவிட்டாள்.

மாடி எதற்கு என்றால், போர் செய்ய.

1996 ஜூனில் சத்தியதாஸின் மனைவி செல்லபாய் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனார். பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டில் தனியாக இருந்த மனிதரிடம், அவருடைய சபையைச் சேர்ந்த ஆன்சன் ஆகஸ்டில் ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்தான். ஆன்சன் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் விளையாடுகிற, எதிர்காலத்தில் வேறு கிரகங்களில் நடக்கிற போர் விளையாட்டின் விதிப் புத்தகம் அது. உடன் படிக்கிறவனிடம் இரண்டு நாள் இரவல். சின்னச் சின்னச் சிப்பாய் உருவங்களை மேசைமேல் நிறுத்தி, டெய்லர் டேப்பால் அங்குலம் அளந்து நகர்த்தி, தாயக் கட்டை உருட்டிச் சுட வேண்டும். இரண்டு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியதை ஜெராக்ஸ் எடுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்கள் ஆபீசில் அப்போதுதான் சுருக்கி எடுக்கிற மெஷின் புதிதாக வந்திருந்தது. தேவை உண்டோ இல்லையோ, எதையும் சுருக்கிப் பார்க்கிற ஆசை செக்‌ஷனில் எல்லோருக்கும் இருந்தது. நானும் விரித்த புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரே தாளில் வருகிற மாதிரி சுருக்கி அழகாக எடுத்து, மூலையில் கிளிப் போட்டுக் கொடுத்தேன். பெருமையாகவும் இருந்தது. என் பெருமைகள் எல்லாமே இப்படித்தான் பிறகு வந்து என் தலையில் விழும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வட்டம் அச்சாகியிருந்தது. ஷெல் விழுந்தால் அது வெடிக்கிற பரப்பு அந்த வட்டம். வட்டத்தை வெட்டியெடுத்துக் குண்டு விழுந்த இடத்தில் வைக்க வேண்டும். அதற்கடியில் அகப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் கட்டையை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் ஆள் பிழைத்தான். இல்லாவிட்டால் போனான். சத்தியதாஸ் அந்தத் தாள் வட்டத்தை அளவெடுத்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் ஒரு தட்டு வார்த்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் நான்கு பேர் ஆடினோம். நாலாவது ஆள் வன்னியராஜ், தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், சங்கரன்கோவில் பக்கம். பல் வலி என்று லேப் படியேறி வந்து, டாக்டர் இங்கே இல்லை என்று தெரிந்தும் போகாமல், சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டவன். முதல் ஞாயிறு ஆட்டம் முடிந்து செத்தவர்களை எல்லாம் மறுபடி பெட்டியில் போடும்போது அவன்தான் கேட்டான்.

"செத்தவன் எப்படி அண்ணாச்சி அடுத்த ஞாயித்துக்கெழம வருவான்? எங்க ஊர்ல ஒருத்தனும் வந்ததில்ல."

"எங்களுக்கு ஒருத்தர் வந்திருக்கார்லே" என்று சத்தியதாஸ் சிரித்தார். பிறகு பெட்டியில் போட்ட ஒருவனைத் திரும்ப வெளியே எடுத்தார். "சரிதான். அது அவர் ஒருத்தருக்குத்தான். சிப்பாய்க்கு வேண்டாம்."

அப்படி எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் வந்தது. செத்தால் செத்ததுதான். நோட்டில் பெயர் எழுதுவோம். அந்த இடத்துக்குச் சத்தியதாஸ் வேறு ஆளை வார்த்து, வேறு பெயர் வைப்பார். வருடத்துக்கு ஒருமுறை மழை ஓய்ந்தபின் பஸ் ஏறிக் கல்லாறு போவோம், பொன்முடிக்குக் கீழே. செத்தவர்களை ஆற்றில் விட்டுவிட்டு, மேசைக்குக் குன்றும் பாறையுமாக வைக்க நல்ல கற்களைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். சிரிப்பாகத்தான் இருக்கும், நாலு தடியன்கள் ரோஜா நிறப் பொம்மைகளை ஆற்றில் விடுவது. ஆனால் அங்கே நிற்கும்போது சிரிப்பு வந்ததில்லை.

சத்தியதாஸ் அந்தக் கிரகத்துக்கு மறுகரை என்று பெயர் வைத்திருந்தார். அதற்குச் சூரியன் இல்லை, மூன்று நிலா. ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மரங்களுக்கு இலை கிடையாது, மழை பெய்தால் மரம் மெல்ல ஒளிரும். கொசு இல்லை. "கொசு இல்லாத ஊர்னா நான் இப்பமே பெட்டி கெட்டிருவேன்" என்று வன்னியராஜ் சொல்லுவான். சில சாயங்காலம் ஆபீஸ் விட்டு நான் லேபுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஜன்னலில் நாலரை மணி வெயில் சாய்வாக விழும். தேய்க்கிற மோட்டார் உறுமும். பல்செட்டிலிருந்து கிளம்பிய ரோஜாத் தூள் வெயிலில் ஏறியும் இறங்கியும் மிதக்கும். கீழே பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில், நாகர்கோவில் என்று கத்துகிற சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். திடீரென்று மோட்டாரை நிறுத்திவிட்டு, "அங்க மழ பிடிச்சாச்சு சாமி" என்பார். நானும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இருந்தாலும் எனக்கு மழை கேட்கும், அதுதான் ஆச்சரியம்.

அவருடைய பிளட்டூனில் முப்பத்தொரு பேர். எட்டு எட்டாக மூன்று குழு. ஒரு லெப்டினன்ட். மீதி ஆறு பேர் கனரக ஆயுதக்காரர்கள். நாங்கள் சுருக்கமாக ஹெவி என்போம். தொடர்ந்து சுடுகிற பெரிய துப்பாக்கி ஒன்று, ஏவுகணைக் குழாய் ஒன்று, லேசர் பீரங்கி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், சுடுகிறவர் ஒருவர், பக்கத்தில் நின்று கொடுக்கிறவர் ஒருவர். இரண்டு பேர் இல்லாவிட்டால் ஹெவி சுடாது, விதி அப்படி.

இந்த மூன்றையும் எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டு மாடி ஆறு வருடம் சண்டை போட்டது. வன்னியராஜ், குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடு என்பான். "ஆளுக்கொரு கம்பு கையில இருந்தா பாம்பு எந்தப் பக்கம் வந்தாலும் அடிக்கலாம்லா?" சத்தியதாஸ் ஒப்ப மாட்டார். ஹெவி நகர்ந்தால் அந்தச் சுற்றில் சுட முடியாது. குழுவோடு சேர்த்தால், ஒன்று ஹெவிக்காக எட்டுப் பேரும் சும்மா நிற்க வேண்டும், அல்லது எட்டுப் பேரோடு ஹெவி ஊமையாக நடக்க வேண்டும். மூன்றையும் பின்னால் ஒரு குன்றின்மேல் ஒன்றாக வைத்தால் மேசை முழுக்கக் கண்ணில் படும், மூன்றும் ஒரே இலக்கைச் சுடலாம். "தனி மரம் தோப்பாகாது" என்று முடிப்பார்.

வாதம் சரிதான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். லேசர் பீரங்கிக்காரிக்கு அவர் வைத்திருந்த பெயர் செல்லபாய்.

ஊரை விட்டுப் போகும்போது செல்லபாய் வைத்துவிட்டுப்போன பெட்டியில் பிரிக்காத ஊசி ஒன்று கிடந்ததாம். அதை வெட்டித்தான் அந்தப் பீரங்கிக்குக் குழாய் செய்திருந்தார். "ஊசி பிடிச்சா அவளுக்க கை நடுங்காது" என்று சொல்லிக் காட்டினார். மெழுகில் அந்த முகத்தைச் செதுக்க மூன்று வாரம் பிடித்தது. குன்றின் நடுவில் அவளை நிறுத்தி, சுற்றிலும் மற்ற ஐந்து பேரையும் நிறுத்துவார். எங்கள் சின்ன வட்டத்துக்குள் ஒரு சமயத்தில் இரண்டு பேருக்குமேல் அகப்படாத மாதிரி மயிரிழை இடைவெளி விட்டு வைப்பார். ஆறு வருடத்தில் அந்தக் குன்றில் இரண்டு பேர்தான் செத்தார்கள். செல்லபாய்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. நவராத்திரிக்கு அம்மா கொலுவில் வைக்க அந்தக் குன்றை மட்டும் அப்படியே கேட்டு வாங்கிக்கொள்வாள். செட்டியாருக்கும் தசாவதாரத்துக்கும் நடுவில் நின்று செல்லபாய் சுண்டல் வாங்க வருகிறவர்களை எல்லாம் குறி பார்ப்பாள்.

1999-இல் ஆன்சன் வேலை கிடைத்து இங்கிலாந்து போனான். நாங்கள் மூன்று பேரானோம்.

2001 கடைசியில் ஒரு நாள் ஆபீசில் ஒரு வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி அதைத் தூக்கி மேசையில் போட்டார். "சுருக்கிட்டீரே, இதுல அளவு எப்படி ஐயா எடுக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. வரைபடத்துக்காக இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே விதித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். வட்டத்துக்குக் கீழே, பக்கத்தின் விளிம்பில், அங்குலக் கோடு ஒன்று அச்சாகியிருந்தது. என் ஸ்கேலை அதன்மேல் வைத்தேன். மூன்று அங்குலம் என்று போட்டிருந்தது இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது.

சத்தியதாஸின் குன்று, அவருடைய வாதம், அந்த மயிரிழை இடைவெளி எல்லாம் என் ஒரு பொத்தான் அழுத்தலில் நின்றுகொண்டிருந்தது. அசல் வட்டத்தை வைத்தால் ஒரே ஷெல்லில் ஆறு பேரும் அதற்குள். சொல்ல வேண்டும் என்றுதான் அடுத்த ஞாயிறு மாடியேறினேன். அவர் ஈரப் பிரஷ்ஷால் செல்லபாயின் தோளில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதன்பின் ஒரு வருடம் சொல்லவில்லை. கோழை என்று சொன்னால் சொல்லுங்கள், எனக்கு வழக்கம்தான்.

2002 நவம்பரில் செல்லபாய் குவைத்திலிருந்து அவருக்கு விசா அனுப்பினார். அங்கே ஒரு பல் லேபில் வேலை சொல்லி வைத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சத்தியதாஸ் அதைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விமானம் என்றால் பயம். புது ஊர் என்றால் பயம். லேப், மாடி, மறுகரை என்று அவருடைய உலகத்துக்கு மூன்றே படிகள்தான். இதற்குள் டிவியில் போர் வரும், போர் வரும் என்று பேச்சு. ஈராக்கை அடித்தால் குவைத்தில் ஏவுகணை விழும் என்றார்கள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், முகமூடி போடப் பழக்குகிறார்கள் என்று செல்லபாய் போனில் சொன்னாராம். நீ கிளம்பி வந்துவிடு என்று இவர் அழுதிருக்கிறார்.

"நான் வந்துட்டா இங்க கெடக்கிறவங்களுக்கு யாரு இருக்கா? நான் எங்கேயும் வரல்ல" என்று அந்த அம்மாள் வைத்துவிட்டாராம்.

அந்த வாரத்திலிருந்து அவர் குன்றைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டது. பொம்மைக்கு ஒன்றும் ஆகாதவரை அவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

ஆன்சன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவன், ஜனவரி இரண்டாம் ஞாயிறு எங்கள் மாடிக்கு வந்தான். காற்றில் சிப்பாய்கள் விழக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். ஜன்னல் வழியாகக் கரமனை ஆற்றின் ஈர வாசனை வந்தது. மேசைமேல் மறுகரை, கல்லாற்றுக் கற்கள், கம்பி மரங்கள், அசையாத மத்தியானம். ஆன்சன் ஒரு பார்சலைப் பிரித்தான். பளபளவென்று அசல் விதிப் புத்தகம். அதற்குள் செருகிய பிளாஸ்டிக் வட்டம்.

"தாஸ் மாமா, இது உங்களுக்காக வாங்கினது. இனி ஜெராக்ஸ் வேண்டாம்" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். பிறகு பழைய அக்ரிலிக் தட்டை எடுத்துப் புதியதன்மேல் வைத்தான். சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. "அய்யோ, நம்ம வட்டம் செறுதாணல்லோ, சின்னதுல்லா!"

"அப்பம் இவ்வளவு நாளா?" என்றான் வன்னியராஜ்.

நான் குரலை உயர்த்தினேன். மாட்டிக்கொண்டால் நான் குரலை உயர்த்துவேன். "நம்ம மேஜை, நம்ம வட்டம். ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கப்படாதா? பழசாலேயே ஆடலாம்."

சத்தியதாஸ் புது வட்டத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெயில் அதன் வழியாக அவர் கன்னத்தில் விழுந்தது. "புதுசாலதான் ஆடணும்" என்றார்.

சரி, பிரித்து வைத்துவிடுவார் என்று நினைத்தேன். குழுவுக்கு ஒரு ஹெவி. அப்போது ஒரு ஷெல்லுக்கு இரண்டு பேர்தான் போவார்கள். முதல் குழுவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனார். இரண்டாவதற்கு ஏவுகணைக் குழாயை. செல்லபாயைக் கையில் எடுத்தார். மூன்றாம் குழுவுக்குப் பக்கத்தில், பாறை மறைவில் வைத்தார். பார்த்தார். பிறகு அவளை எடுத்து மறுபடி குன்றின் உச்சியில் வைத்தார். மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கொண்டுவந்து அவளைச் சுற்றி நிறுத்தினார்.

"தாஸண்ணா, என்ன பண்றேள்?" என்றேன்.

"நான் சொன்னா அவ வருவாளா சாமி? அவ நிக்க எடத்துலதான் நிப்பா."

ஆட்டம் நடந்தது. எதிர்ப் படை ஆன்சனுடையது. மூன்றாம் சுற்றில் அவனுடைய ஷெல் தயாரானது. குன்றைத் தவிர அடிக்கத் தகுந்த இடம் மேசையில் வேறு இல்லை. அவன் வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். செல்லபாய் மாமியை அவனுக்கும் தெரியும்; சிறு வயதில் காய்ச்சலுக்கு அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவன்தானே.

"மாமா, வேற எங்கேயாவது விடட்டுமா?"

சத்தியதாஸ் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். "அவளுக்குப் பதிலா சாவுறவனுக்க பாவத்த எனக்க தலையில வெக்கப்போறியா? விடுலே!"

ஷெல் விலகிப் போகிறதா என்று பார்க்கும் கட்டையை உருட்டினான். விலகவில்லை. வட்டம் குன்றின்மேல் உட்கார்ந்தது. ஆறு பேரும் உள்ளே.

ஒவ்வொருவருக்கும் கட்டையை உருட்டினார் சத்தியதாஸ். இரண்டு. வன்னியராஜ் அந்த ஆளை எடுத்து ஓரமாக வைத்தான். நாலு. ஒன்று. நாலு. மூன்று. குன்றின்மேல் ஐந்து பொத்தான் இடம் காலியாயிற்று. கடைசியாகச் செல்லபாய். அவர் கட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். அம்மா கீழே குக்கர் வைத்திருந்தாள், விசில் வந்தது.

ஆறு.

வன்னியராஜ் கூவினான். ஆன்சன் அழுதேவிட்டான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சத்தியதாஸ் மட்டும் சந்தோஷப்படவில்லை. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, குன்றைப் பார்த்தார்.

"தனியா நிக்காளே" என்றார்.

உண்மைதான். ஆறு வருடமும் சுற்றிலும் ஆள் நிற்க நின்றவள். இப்போது வெறும் கல்மேல், ஊசி முனை அளவுக் குழாயை நீட்டிக்கொண்டு, ஒற்றையாக. பக்கத்தில் கொடுக்க ஆளில்லாததால் பீரங்கியும் சுடாது. அடுத்த ஷெல் வர இன்னும் மூன்று சுற்று இருந்தது.

மேசையின் ஒரு மூலையில், கம்பி மரத்தடியில், லெப்டினன்ட் நின்றான். ஆறு வருடமாக அந்த மரத்தடியை விட்டு நகராதவன். கட்டளை கொடுப்பான், அவ்வளவுதான். சத்தியதாஸ் அவனை எடுத்தார். டேப்பால் ஆறு அங்குலம் அளந்து வெட்டவெளியில் நகர்த்தினார். அடுத்த சுற்றில் இன்னும் ஆறு. ஆன்சனின் ஆள்கள் சுட்டார்கள், படவில்லை. சத்தியதாஸ் அவனைத் தவிர மற்ற குழுக்களைக் கவனிக்கவே இல்லை, மூன்றும் சிதறின. ஆட்டத்தில் படுதோல்வி. ஆனால் ஐந்தாம் சுற்றில் லெப்டினன்ட் குன்றேறி, செல்லபாயின் பொத்தானோடு பொத்தான் ஒட்ட நின்றான். சத்தியதாஸ் டேப்பைச் சுருட்டி வைத்தார். "மதி, போதும். இதுக்க மேல இன்னைக்கு ஆட வேண்டாம்" என்றார்.

பஸ் ஸ்டாப் வரை அவரோடு நடந்தேன். இனியும் அடக்க முடியவில்லை.

"தாஸண்ணா, வட்டம் சின்னதுன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். சுருக்கி எடுத்தது நான்தான். சொல்ல வாய் வரலை."

அவர் நடந்துகொண்டே சொன்னார். "எனக்கு ஆறு வருசமா தெரியும் சாமி."

நான் நின்றுவிட்டேன்.

"ஒரு மில்லி தப்பினா வாய் மூடாது எனக்க தொழில்ல. வட்டத்த வார்க்கும்போது அளக்காம இருப்பனா? அந்தத் தாளுக்க அடியிலயே கோடு கெடந்துல்லா. சொல்லணும்னுதான் இருந்தேன். அந்த வாரம்தான் அவள வார்த்து முடிச்சேன். பின்ன எப்படிச் சொல்ல?"

"இன்னைக்கு மட்டும் ஏன் ஒத்துண்டேள்?"

"அவ அங்க பெரிய வட்டத்துக்குள்ள நிக்கா சாமி. நான் இங்க இருந்துக்கிட்டு சின்ன வட்டத்த வெச்சு அவளக் காப்பாத்துகேன்னு நெனச்சா, அது ஆரக் காப்பாத்துறது? எனக்க பயத்தத்தான்." பஸ் வந்தது. படியில் ஏறியபிறகு திரும்பி, "விசாவுக்க தேதி இன்னும் இருக்கு" என்றார்.

பிப்ரவரி முதல் வாரம் செத்த ஐந்து பேரையும் எடுத்துக்கொண்டு கல்லாறு போனோம். தண்ணீர் குறைந்து, பாறைகள் வெளுத்துக் கிடந்தன. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி விட்டார். ரோஜா நிறம் கொஞ்ச தூரம் தண்ணீருக்கடியில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. "இந்தத் தண்ணி மறுகரைக்குப் போவும்லா அண்ணாச்சி?" என்று வன்னியராஜ் கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. போகும் என்றார் அவர். அடுத்த திங்கட்கிழமை அவர் புறப்பட்டார். குவைத்திலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் போன விமானத்தில் பாதி இருக்கை காலியாம். புறப்படும் முன் மாடிக்கு வந்து பார்த்தார். சிப்பாய்களைப் பெட்டியில் போட்டார். குன்றை மட்டும் தொடவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் அங்கயே நிக்கட்டும்" என்றார். அம்மா திருநீறு பூசப் போய், கையை இழுத்துக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

மார்ச் இருபதாம் தேதி போர் தொடங்கியது. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. அம்மா பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, செய்தி வரும்வரை கஞ்சி மட்டும்தான் குடிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வன்னியராஜ் ஓட்டலுக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தான். நான்காம் நாள் காலை போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"சைரன் கேட்டுச்சு சாமி. ரண்டு மூணு தடவ. ஆஸ்பத்திரிக்க கீழ்த்தளத்துல இருந்தோம். அவ ஒரு கையில நோயாளிக்கு குளுக்கோஸ் பாட்டில தூக்கிப் பிடிச்சிருந்தா. கை நடுங்கல்ல பாத்துக்கிடுங்க. எனக்குத்தான் நடுங்கிச்சு. அவ மத்த கையால எனக்க கையப் பிடிச்சா."

"இப்போ எப்படி இருக்கேள்?"

"ஒட்டி ஒட்டித்தான் இருக்கோம்" என்றார். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் டம்ளரிலிருந்து பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் மாடிக்குப் போனேன். மறுகரை தூசி படிந்து கிடந்தது. குன்றின்மேல் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். அலமாரியைத் திறந்து, ஆன்சன் கொண்டுவந்த வட்டத்தை விட்டுவிட்டு, பழைய அக்ரிலிக் வட்டத்தை எடுத்து அவர்கள்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது.